முதற் கப்பல், நான்கு இரவுகள்

என் கணவர் முப்பத்தோர் ஆண்டுகள் கடலில் உழைத்தவர். தூத்துக்குடியில் பிறந்து, சரக்குக் கப்பல்களின் எந்திர அறையில் எண்ணெயிடும் பணியாளராகச் சேர்ந்து, உலகின் துறைமுகங்கள் பலவற்றைக் கண்டவர். ஆண்டில் ஒன்பது திங்கள் அவர் கடலிலும் நான் கரையிலுமாக எங்கள் இல்லறம் நடந்தது. “ஒருநாள் உன்னையும் கப்பலில் ஏற்றிக் கூட்டிப் போவேன்” என்பது அவர் ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்லும் சொல். அது நிறைவேறுமுன் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். ஆகவே, அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வாழும் என் மகள் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொலைபேசியில், “அம்மா, நீங்கள் இங்கு வரும் கோடையில் எல்லாரும் சேர்ந்து கப்பலில் போவோமா?” என்று கேட்டபோது எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை.

கப்பல் என்றதும் நம் கடற்கரையோர் மனத்தில் எழுவது உழைப்பே. கொழும்புக்குத் தோணியில் சரக்கேற்றிச் சென்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். விளையாடிக் களிப்பதற்கென்றே ஒரு கப்பலா என்று நான் வியந்தேன். டிஸ்னி நிறுவனத்தார் குழந்தைகளுள்ள குடும்பங்களை மனத்திற்கொண்டு நடத்தும் உல்லாசக் கப்பல்களில் ஒன்று அது. ‘டிஸ்னி விஷ்’ என்பது அதன் பெயர். ஜெர்மனியில் பாப்பன்பர்க் நகரில் கட்டப்பட்டு, 2022 ஜூலையில் முதற்பயணம் தொடங்கியது. புளோரிடா மாநிலத்துக் கானவெரல் துறைமுகத்திலிருந்து பகாமாஸ் தீவுகளுக்குச் சென்று திரும்பும். பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். அவர்களுக்கும் இத்தகைய அழைப்பு வரக்கூடும் என்பதால், எங்கள் பட்டறிவைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கப்பலுக்கு இருவகைப் பயணங்கள் இருந்தன. வெள்ளியன்று புறப்பட்டுத் திங்களன்று திரும்பும் மூன்று இரவுப் பயணம் ஒன்று; திங்களன்று புறப்பட்டு வெள்ளியன்று திரும்பும் நான்கு இரவுப் பயணம் மற்றொன்று. விடுப்பும் குறைவு, செலவும் குறைவு என்று முதலாவதையே மகளும் மருமகனும் எண்ணியிருந்தார்கள். “ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என்ன செய்வது?” என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவுறும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் சனிக்கிழமை மாலையில் கப்பல் கரையை விட்டுப் புறப்பட்டுவிடும். கப்பலிலே குரு ஒருவர் இருப்பார் என்று உறுதி சொல்வாரும் இல்லை. இயலாதவரைச் சட்டம் நெருக்குவதில்லை என்பது மெய்தான். எனினும் வேறு நாள் இருக்கையில் நாமே அந்நாளைத் தேர்ந்துகொண்டு, பின் இயலவில்லை என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. “மூன்று நாள் விடுப்பு கூடுதலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதானே, மாமி. கேட்டுப் பார்க்கிறேன்” என்றார் மருமகன். அவ்வாறே திங்கட்கிழமைப் பயணம் உறுதியாயிற்று.

விசாவைப் பற்றி ஒரு சொல். புறப்படுவதும் திரும்புவதும் அமெரிக்கத் துறைமுகமே ஆயினும், இடையில் கப்பல் வேற்று நாட்டைத் தொடுகிறது. ஆகவே திரும்பி வரும்போது நாம் மீண்டும் புதிதாக அமெரிக்காவுக்குள் நுழைகிறோம். ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் இதில் சிக்கிக்கொள்வார். பன்முறை நுழைவு விசா உண்டா, அதன் காலம் முடியாதிருக்கிறதா, கடவுச்சீட்டு செல்லுபடியாகுமா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். என்னைப் போன்ற முதியோர் காப்பீட்டையும் மறத்தலாகாது. கப்பல் மருத்துவரிடம் செல்வது இலவசமன்று. நடுக்கடலில் நோய் முற்றினால் கரைக்குக் கொண்டு சேர்க்கும் செலவு ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்தும். பிள்ளைகள் இதை ‘கூடுதல் செலவு’ என்ற வரிசையில் எழுதியிருந்தார்கள். நான் அதை எடுத்து முதல் வரிசையில் எழுதச் சொன்னேன்.

இனி அந்தக் கூடுதல் செலவுகளுக்கு வருகிறேன். பயணச் சீட்டுக்குக் கொடுக்கும் தொகைக்குள் அறையும், மூன்று வேளை உணவும், மேடை நாடகங்களும், நீச்சற் குளங்களும், மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ளோருக்கான சிறுவர் மன்றமும் அடங்கும். இவற்றைக் கொண்டே நான்கு நாளையும் நிறைவாகக் கழித்துவிடலாம். ஆயினும் அதற்கு வெளியே ஒரு நீண்ட கடைத்தெருவே இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தோர் மட்டுமே புகத்தக்க தனி உணவகங்கள், உடலை நீவிவிடும் நிலையம், சிறுமியரை இளவரசிபோல் ஒப்பனை செய்யும் அழகு நிலையம், கைக்குழந்தைகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் காப்பகம், இணையத் தொடர்பு, புகைப்படத் தொகுப்பு, ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கியதும் அழைத்துச் செல்லும் கரைச் சுற்றுலாக்கள் என்று அது நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

இவற்றை முன்பதிவு செய்வதில் ஒரு முறை உண்டு. பயணத் தொகை முழுவதையும் செலுத்தித் தீர்த்தவர்க்கே அது திறக்கும். முதன்முறை செல்வோருக்குப் புறப்படும் நாளுக்கு 75 நாள்களுக்கு முன்னர். முன்பே அவர்களுடைய கப்பல்களில் சென்றவர்க்கு, சென்ற தடவைகளின் எண்ணிக்கைக்கேற்ப 90, 105, 120 நாள்களுக்கு முன்னர். ஆகவே முதற்பயணியின் முறை வருவதற்குள் பந்தியில் முந்தியவர்கள் நல்ல நேரங்களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரவில் மகள் பன்னிரண்டு மணி வரை விழித்திருந்து கணினியின் முன் அமர்ந்தாள். இங்கே நமக்குக் காலை வேளை. நான் காப்பி குடித்துக்கொண்டே தொலைபேசியில் கேட்டிருந்தேன். “அது முடிந்துவிட்டது... இதுவும் முடிந்துவிட்டது...” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலையில்லாதவற்றுள்ளும் முன்பதிவு வேண்டுவன சில உள்ளன. கதைகளில் வரும் இளவரசியர் வேடமிட்டோர் ஒன்றுகூடிக் குழந்தைகளைச் சந்திக்கும் நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. அதற்குக் கட்டணமில்லை, ஆனால் சீட்டின்றி உள்ளே புக முடியாது. விலையுள்ளவற்றைத் தேடி ஓடும் பரபரப்பில் இலவசமானதைத் தவறவிடுவோர் பலர். நல்லவேளையாக மகள் அதையே முதலில் பதிந்தாள்.

நான் அட்லாண்டா போய்ச் சேர்ந்தபோது கூடுதல் பட்டியல் உணவு மேசையின்மீது இருந்தது. கரைச் சுற்றுலா ஐவருக்கு, ஒப்பனை பேத்திக்கு, உடல் நீவும் நிலையம் மகளுக்கு, தனி உணவகம் கணவன் மனைவி இருவருக்கு, இணையம் மருமகனுக்கு, புகைப்படத் தொகுப்பு எல்லார்க்கும், மிதிவண்டி, மிதவை, முக்குளிக்கும் கண்ணாடி என ஒரு பக்கம் நிறைந்திருந்தது. கூட்டிப் பார்த்தால், ஓர் ஆளின் பயணத் தொகையையே தாண்டிவிட்டது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். பணத்தைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். அது அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம். அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. ஆசிரியையாக இருந்த பழக்கத்தால் நான் வேறொன்று செய்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று பென்சிலால் குறித்தேன். செவ்வாய் காலை: மகள் உடல் நீவும் நிலையத்தில், பேரன் மன்றத்தில், பேத்தி ஒப்பனையில், மருமகன் கணினியில், அம்மாச்சி மேல்தளத்தில். புதன் மாலையும் ஏறக்குறைய அப்படியே. நான்கு நாளில் ஐவரும் ஒருங்கே இருக்கும் நேரம் இரவு உணவு மட்டுமே என்று கண்டோம். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகிறவள் நான். என் பேரன் என்னோடு பேசுவது வாரத்தில் பத்து நிமிடம், அதுவும் கைப்பேசியின் சிறு திரையில். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருமகன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதில் பாதியை எடுத்துவிடலாம்” என்றார்.

எடுப்பது எளிதாக இருந்ததாகச் சொல்வேனாயின் அது பொய். எட்டு வயதுப் பேத்தி ஒப்பனைக்காக இரண்டு நாள் அழுதாள். நூறு டாலருக்கு மேற்பட்ட அந்த ஒப்பனை ஒரு மாலைப்பொழுதில் கலைந்துவிடும் என்று குழந்தைக்கு எப்படி விளக்குவது? முடிவில் அவளே ஒரு வழி கண்டாள். சென்ற மே திங்களில் புதுநன்மை வாங்கியபோது அணிந்த வெள்ளை உடையையே இளவரசியரைக் காணும் நாளில் அணிந்துகொள்வதாகச் சொன்னாள். எனக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. நற்கருணை நாதரை வரவேற்க அணிந்த உடையை வேடிக்கைக்கு அணியலாமா? பிறகு, அவளுடைய எண்ணத்தில் இவ்வுலகிலேயே சிறந்த உடை அது என்பதை உணர்ந்து வாளாவிருந்தேன். உடல் நீவும் நிலையத்தை மகள் தானே அடித்தாள். புகைப்படத் தொகுப்பும் போயிற்று. மருமகனின் அலுவலகம் எந்நேரமும் அழைக்கக்கூடியது என்பதால் இணையத்தில் மிகச் சிறிய பகுதி மட்டும் நின்றது. ஒன்றை மட்டும் நானே அடிக்கவிடாமல் காத்தேன். அது இருவருக்கான தனி உணவகம். மணமாகிப் பத்தாண்டுகள் ஆகியும், குழந்தைகள் பிறந்தபின் அவர்கள் இருவரும் தனியே அமர்ந்து ஒருவேளை உண்டதில்லை என்பது எனக்குத் தெரியும். முன்பதிவில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் கப்பலேறிய அன்றே நேரில் சென்று கேட்டபோது, யாரோ விட்டுக்கொடுத்த மேசை ஒன்று கிடைத்தது. கிடைக்காதவற்றை முதல்நாளே நேரில் கேட்டுப் பார்ப்பது நலம்.

அறையிலும் ஒரு வழக்கு இருந்தது. இரண்டு அறைகள் எடுத்தால் எனக்குத் தனிமை கிடைக்கும் என்றார்கள். ஐவர் தங்கும் ஓர் அறை போதும் என்றேன். அந்தக் கப்பலில் கழிப்பறை ஒரு கதவுக்குள்ளும் குளியலறை மற்றொரு கதவுக்குள்ளும் அமைந்துள்ளமையால் காலை நேரத்தில் இடிபட வேண்டுவதில்லை. இரவில் கூரையிலிருந்து ஒரு கட்டில் இறங்குகிறது. அது இறங்குவதைக் காண்பதற்காகவே பேரன் மாலை ஆறு மணியிலிருந்து உறங்கப் போகலாம் என்று சொல்லத் தொடங்கிவிடுவான்.

கப்பல் புறப்படும் நாளிலேயே துறைமுகம் போய்ச் சேர நினைப்பது அறிவுடைமை அன்று. வழியில் ஒரு சக்கரம் பழுதானாலும் கப்பல் காத்திருக்காது. நாங்கள் ஞாயிறு அதிகாலை அட்லாண்டாவை விட்டு, எட்டு மணி நேரம் காரில் சென்று, கானவெரலுக்கு அருகே கடற்கரையூர் ஒன்றில் தங்கி, மாலைத் திருப்பலி கண்டோம். 1969-இல் நிலவுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற ஏவுதளம் அங்கிருந்து வடக்கே அதே கரையில்தான் உள்ளது. அப்பகுதி 1968-இல் உருவான ஆர்லாண்டோ மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. புதிதாகக் கண்டறியப்படும் நிலம், பயணம் புறப்பட்ட இடத்து ஆயருக்கு உரியது என்ற பழைய சட்டத்தைச் சுட்டி, அதன் முதல் ஆயர் திருத்தந்தை ஆறாம் பவுலிடம் ‘நான் நிலவுக்கும் ஆயர்’ என்று நகைச்சுவையாகச் சொன்னார் என்றொரு கதை அங்கு வழங்குகிறது. பேத்தி அன்றிரவு நிலவைப் பார்த்து, அங்கே பங்குக் கோவில் எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் நண்பகலில் அந்த 1,119 அடி நீளக் கப்பலின் முன் நின்றேன். ஏறும் பாலத்தில் என் கால்கள் சற்றுத் தடுமாறின. மருமகன் கையைப் பற்றிக்கொண்டார். கரையிலிருந்து நான் எத்தனையோ கப்பல்களுக்குக் கையசைத்திருக்கிறேன். மேலே நின்று பார்க்கும்போது கரை எப்படித் தோன்றும் என்பது அன்றுதான் தெரிந்தது. புறப்படுமுன் ஆபத்துக்காலப் பயிற்சி நடந்தது. பலர் அதைத் தொல்லையாகக் கருதி முணுமுணுத்தார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபின் நாடுகள் கூடி வகுத்த பாதுகாப்பு விதிகளின் பயன் அது. அந்தக் கப்பலில் தாமஸ் பைல்ஸ் என்னும் ஆங்கிலேயக் குரு, தம் உடன்பிறந்தானின் திருமணத்தை நடத்திவைக்க நியூயார்க் சென்றுகொண்டிருந்தார். விபத்தன்று காலையில் திருப்பலி நிறைவேற்றியவர், இரவில் படகில் ஏற மறுத்து, தங்கிவிட்ட மக்களுக்கு ஒப்புரவு வழங்கிக்கொண்டே உயிர் நீத்தார். பேத்திக்கு இதைச் சொன்னபின் அவள் பயிற்சி முடியும்வரை அசையவில்லை.

கப்பலின் உள்ளே உள்ள பகட்டை வருணிக்க எனக்கு மனமில்லை; அதைப் படங்களில் எவரும் காணலாம். ஒரு நல்ல வழக்கத்தை மட்டும் சொல்வேன். இரவு உணவுக்கு மூன்று பெரிய உணவகங்கள் உண்டு. ஒவ்வோர் இரவும் வேறொன்றில் உண்கிறோம். பரிமாறுகிறவர்களோ நம்முடனேயே ஓர் உணவகத்திலிருந்து மற்றொன்றுக்கு வருகிறார்கள். இரண்டாம் இரவிலேயே என் பேரனுக்கு மிளகாய் ஆகாது என்பதையும், எனக்கு மிளகாய் இன்றி ஆகாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். இளவரசியரைக் காணும் நிகழ்ச்சியில் பேத்தி புதுநன்மை உடையில் நின்றாள். ஒப்பனை செய்துகொண்டு வந்த சிறுமி ஒருத்தியின் தாய் என் மகளிடம், “இந்த உடை எந்தக் கடையில் கிடைக்கும்?” என்று கேட்டார்.

செவ்வாய் காலையில் நாசோ. பகாமாஸ் நாட்டின் தலைநகரம் அது. 1973 ஜூலை 10-இல் விடுதலை பெற்ற சிறிய நாடு. 1492 அக்டோபர் 12-இல் கொலம்பஸ் முதன்முதல் காலடி வைத்த மண் இத்தீவுக் கூட்டத்தில்தான் உள்ளது. அங்கு வாழ்ந்த லுக்காயர் என்னும் மக்கள், ஒரு தலைமுறைக்குள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டுத் தீவுகள் வெறுமையாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் இறங்கியதும் ஓங்கில்களோடு நீந்தவும் நீர்ப்பூங்காக்களில் ஆடவும் அழைத்துச் செல்லும் குழுக்கள் பலகை ஏந்தி நின்றன. நாங்கள் ஒன்றும் பதிவு செய்யவில்லை. இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். கப்பலார் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சென்றவர் தாமதித்தால் கப்பல் போய்விடும்; அடுத்த துறைமுகத்துக்கு அவர் சொந்தச் செலவில் போய்ச்சேர வேண்டியதுதான். ஆகவே தனியே செல்வோர் தொலைவு போகாமல், கடிகாரத்தைக் கப்பல் நேரத்தோடு ஒத்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாவது முன்னதாகத் திரும்புவது நல்லது. எங்கள் நோக்கம் இரண்டே இடங்கள். இரண்டும் அருகிலேயே இருந்தன.

முதலாவது, மேற்குக் குன்றுத் தெருவில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயம். துறையிலிருந்து மெல்ல நடந்தே போனோம். பகாமாஸ் நாட்டில் எழுந்த முதற் கத்தோலிக்க ஆலயம் அது. 1885-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கொலம்பஸ் வந்தபின் அங்கே ஒரு கத்தோலிக்கக் கோவில் எழ ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன! 1891 முதல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் அங்கு உழைத்தனர். நாசோ 1960-இல் மறைமாவட்டமாகவும், 1999-இல் உயர்மறைமாவட்டமாகவும் உயர்ந்தது.

எனக்கோ அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் செபித்து, ஊர் ஊராக மணி அடித்துக் குழந்தைகளைக் கூட்டி மந்திரங்களைத் தமிழில் கற்பித்த நம் சவேரியார்! கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயம் கண்டு வளர்ந்தவள் நான். உலகின் மறுபக்கத்துத் தீவொன்றில், முதற் கோவிலுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சவேரியாரின் வாழ்வும் கப்பல்களில்தானே கழிந்தது? சீனத்துக்கு ஏற்றிச் செல்ல ஒரு படகு வருமென்று கரையில் காத்திருந்தபடியே, 1552 டிசம்பர் 3-இல் சான்சியன் தீவில் அவர் உயிர் துறந்தார். அதைப் பேத்திக்குச் சொன்னேன். “அவருக்குக் கப்பல் வரவே இல்லையா, அம்மாச்சி?” என்று கேட்டாள். வரவில்லை என்றேன். தாத்தாவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றலாம் என்று அவளே சொன்னாள். நாங்கள் ஐவரும் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து செபமாலையில் ஒரு பத்து மணி செபித்தோம். பேரன் நடுவிலேயே என் மடியில் உறங்கிப்போனான். ஓங்கில் பார்க்க வேண்டும் என்று காலையில் அடம் பிடித்தவன் அவன்.

இரண்டாவது, ‘அரசியின் படிக்கட்டு’. என் முழங்காலுக்காக அங்கே வாடகைக் கார் வைத்துக்கொண்டோம். 1790-களில் அடிமைகள் கைக்கருவிகளாலேயே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, குன்றின் மேலுள்ள கோட்டைக்குச் செல்ல அமைத்த வழி அது. பின்னாளில் விக்டோரியா அரசியின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்களின் பெயர் எதுவும் அங்கு இல்லை. படிகள் 66 என்பர்; கீழ்ப்படி ஒன்று தளத்துக்குள் புதைந்துவிட்டமையால் இப்போது எண்ணினால் 65. விழித்தெழுந்த பேரன் ஒவ்வொரு படியாக எண்ணினான். இருபது வரை தமிழில், அதன்பின் ஆங்கிலத்தில். நான் இருபத்தொன்று என்று எடுத்துக்கொடுக்க, மறுபடி கீழே இறங்கி முதலிலிருந்து தொடங்கினான். அந்த வெயிலில் இருமுறை ஏறி இறங்கி, அறுபத்தைந்து வரை தமிழில் எண்ணி முடித்தான். நான் கீழே நிழலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காஸ்ட்அவே கீ என்னும் சிறு தீவு. கோர்டா கீ என்று முன்பு பெயர்பெற்றிருந்த அதை அந்நிறுவனத்தார் 1997-இல் நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்துக் கப்பல் நேரே அணையும் துறையும் அமைத்துள்ளார்கள். சாய்வு நாற்காலி, குடை, நண்பகல் உணவு எல்லாம் பயணத் தொகைக்குள் அடக்கம். மிதவையும் மிதிவண்டியும் வாடகைக்கு. அங்கே எங்கள் கூடுதல் செலவு குழந்தைகளுக்கு இரண்டு மிதவைகள் மட்டுமே. மகள் கணவனோடு கடலில் இறங்கி விளையாடியதைக் கண்டேன். அவள் நீந்தக் கற்றது தந்தையிடம். அன்றிரவு அவர்கள் இருவரும் தனி உணவகத்துக்குச் சென்றார்கள். நானும் பிள்ளைகளும் அறையிலேயே உணவு வரவழைத்து உண்டு, தாத்தா சொன்ன புயல் கதைகளையெல்லாம் பேசித் தீர்த்தோம்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்தவர் பிலிப்பைன் நாட்டு இளைஞர். கழுத்தில் மாதாவின் பதக்கம் அணிந்திருந்தார். என் செபமாலையைத் தலையணையின் மீது அழகாக வளைத்து வைத்துவிட்டுப் போவார். ஒரு துவாலையை மடித்து, ஒருநாள் குரங்கு, ஒருநாள் யானை என்று ஓர் உருவம் செய்து கட்டிலில் வைப்பார். தம் குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். ஏழு திங்கட் குழந்தை; பிறந்தபின் அவர் அதைத் தொட்டதில்லை. ஒப்பந்தம் முடிந்தால்தான் ஊருக்குப் போகலாம்.

கடைசி நாளில் அன்பளிப்புக் கணக்கு வந்தது. உணவகத்தில் பரிமாறிய மூவருக்கும் அறைப் பணியாளருக்குமாக, ஆளொன்றுக்கு இரவொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றியிருந்தார்கள். நான்கு வயதுப் பேரனும் ஓர் ஆள்தான். ஐவருக்கு நான்கு இரவுகளென்றால் இருபது மடங்கு. கப்பலில் அறிமுகமான ஒருவர், அலுவல் மேசையில் சொன்னால் அதைக் குறைத்துவிடுவார்கள் என்று மருமகனிடம் சொல்லியிருந்தார். அவர் தயக்கத்துடன், “குழந்தைக்கான பங்கை மட்டுமாவது குறைக்கச் சொல்லலாமா, மாமி?” என்று என்னைக் கேட்டார். திட்டம் போட்ட நாளிலிருந்து நான் பணத்தைப் பற்றிப் பேசாதிருந்தவள். அன்று பேசினேன். கப்பற்காரன் வீட்டில் அடுப்பெரிந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். மாதச் சம்பளம் கடனுக்குப் போகும். கைக்காசுதான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அந்நிய ஊரில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது வந்து பார்த்தவர்கள், 1920-இல் கிளாஸ்கோ நகரில் தோன்றி இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என வழங்கும் நம் திருச்சபையின் கடலோடிகள் அமைப்பினர். அவர்கள் கொடுத்த கம்பளிச் சட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. “மாப்பிள்ளை, இதைப் பட்டியலில் கூடுதல் என்ற வரிசையில் எழுதியதே தவறு” என்றேன். மருமகன் முகம் சிவந்தது. நான் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. காலையில் எழுந்தபோது, மேசைமீது நான்கு உறைகளும் நிரம்பியிருந்தன. அறைப் பணியாளருக்கான உறை மற்றவற்றிலும் கனமாக இருந்தது.

வெள்ளியன்று காலை உணவுக்குப்பின் அறைக்குத் திரும்பியபோது, அவர் அடுத்த குடும்பத்துக்காகப் படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார். உறையைக் கொடுத்தேன். என் கணவரும் கப்பற்காரர் என்று சொன்னேன். அவர் என் கையைப் பற்றித் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர்கள் நாட்டில் மூத்தோரை வணங்கும் முறை அது. அதற்குள் பேரன் துவாலை யானையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். துவாலை கப்பலுடையது என்று மகள் சொல்ல, அவன் உதடு பிதுங்கிற்று. அந்த இளைஞர் தரையில் மண்டியிட்டு அமர்ந்து, யானையைப் பிரித்து, மீண்டும் மடித்து, மீண்டும் பிரித்து, அவன் கையாலேயே ஒருமுறை மடிக்க வைத்தார். பிறகு துவாலையை அழுக்குத் துணிக் கூடையில் போட்டார். அட்லாண்டாவில் இப்போது குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ள ஒரு துவாலைகூடக் கிடைப்பதில்லை, எல்லாம் யானைகளாக உட்கார்ந்திருக்கின்றன என்று மகள் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொள்கிறாள்.